செமஸ்டர் லீவில் நீண்ட ரோடு ட்ரிப்: எலெக்ட்ரானிக்ஸும் மற்ற சாமான்களும் எடுத்துவைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூருக்குப் படிக்க வந்து, வேலைக்கும் இங்கேயே தங்கிவிட்டவள் நான். கல்லூரிக் காலத்தில் மூன்று நீண்ட பயணங்கள், வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு. பரீட்சை முடியும் நேரம் நெருங்கினால் ஜூனியர் பிள்ளைகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும்: “அக்கா, என்னவெல்லாம் எடுத்துக்கிட்டுப் போகணும்?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லும்போது ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

கணக்குக்கு வசதியாக ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். ஐந்து பேர், ஒரு கார், பன்னிரண்டு நாள். பெங்களூரிலிருந்து ஹம்பி, அங்கிருந்து ஹூப்ளி, யெல்லாப்பூர் மலைப்பாதை வழியாக கோகர்ணா, பிறகு கோவா, கொங்கண் கரையோரமாகவே மும்பை. திரும்பும்போது புனே, கோலாப்பூர், தாவணகெரே வழியாக தேசிய நெடுஞ்சாலை 48. பைக்கில் போகிறவர்களுக்கும் லடாக் போகிறவர்களுக்கும் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் எதை எடுத்துவைக்க வேண்டும்?

ஒரு பேப்பரும் பேனாவும். பையைத் திறப்பதற்கு முன்னால் மின்சாரக் கணக்கு போட வேண்டும். எடுத்துப்போகும் ஒவ்வொரு பொருளும் ராத்திரியானால் ஒரு பிளக் பாயின்ட் கேட்கும். அது எங்கிருந்து வரும் என்று தெரியாமல் எடுத்துப்போனால், மூன்றாம் நாள் அது வெறும் சுமை.

முதல் பயணத்தில் நாங்கள் இதை யோசிக்கவில்லை. ஹோஸ்பேட்டில் ஒரு லாட்ஜ். ஐந்து பேருக்கு ஒரே அறை, அந்த அறையில் ஒரே ஒரு பிளக் பாயின்ட், அதுவும் கதவுக்குப் பக்கத்தில் சுவிட்ச் போர்டில், ஆள் உயரத்தில். ஐந்து போன், ஐந்து பவர் பேங்க், ஒரு லேப்டாப், ஒரு கேமரா. அலாரம் வைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மாற்றினோம். காலையில் மாதங்க மலையில் சூரியோதயம் பார்க்க ஏறியபோது ஒருவர் போனிலும் முப்பது சதவீதத்துக்கு மேல் இல்லை.

கணக்கு சுலபம்தான். இப்போதைய போன்களில் பேட்டரி பெரும்பாலும் 5,000 எம்ஏஎச். அதை வாட்-மணியில் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி) சொன்னால் சுமார் 19. மேப்பும் வீடியோவும் ஓடும் நாளில் ஒரு போனுக்கு ஒன்றரை முறை சார்ஜ் தேவைப்படும் என்று வைத்தால், ஐந்து பேருக்கு 140 வாட்-மணிக்குக் கொஞ்சம் மேல். லேப்டாப் ஒருமுறை நிரப்ப 50 முதல் 60. கேமரா, ஆக்‌ஷன் கேமரா பேட்டரிகளுக்கு 40. சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 300 வாட்-மணி.

இப்போது வரவு. ராத்திரி அறையில் கிடைப்பது ஒன்று. பகலில் கார் ஓடும்போது ஏறுவது இன்னொன்று: ஆறு மணி நேரம் ஓட்டினால், சராசரியாக 30 வாட் எடுத்தாலே 180 வாட்-மணி காரிலேயே வந்துவிடுகிறது. ஆக, பவர் பேங்க் அவசரத்துக்கு மட்டும் வைத்திருக்கும் கையிருப்பு. இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிப் பையைக் குறைத்துவிடலாம்.

அப்படியென்றால் எத்தனை பவர் பேங்க்?

ஐந்து பேருக்கு இரண்டு போதும். 20,000 எம்ஏஎச் உள்ளது இரண்டு.

ஆளுக்கு ஒன்று எடுத்தால் என்ன என்று கேட்பார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கை 18 வாட் சார்ஜரில் நிரப்ப ஐந்து மணி நேரமாவது ஆகும். ஐந்து பவர் பேங்கை எந்த ராத்திரி நிரப்புவீர்கள்? ஒவ்வொன்றும் அரைக் கிலோவை நெருங்கும் மாடல்களும் கடையில் இருக்கின்றன.

டப்பாவில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அந்த எம்ஏஎச் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கானது. வெளியே 5 வோல்ட்டாக மாறி வரும்போது எண் குறையும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். 10,000 போட்டிருந்தால் கைக்குக் கிடைப்பது 6,000 சொச்சம்தான். அதாவது உங்கள் போனை ஒன்றரை முறை நிரப்பலாம். இரண்டு முறை என்று திட்டம் போட்டால் ஏமாற்றம்தான்.

வாங்கும்போது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பவர் பேங்குகள் இந்தியாவில் கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருக்கின்றன. ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எண் பின்பக்கம் அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் செயலியில் அதைப் போட்டுப் பார்த்தால் யாருடைய பதிவு என்று காட்டும். உப்பியிருக்கும் பழைய பவர் பேங்க் வீட்டில் இருந்தால், தயவுசெய்து அதை வெயிலில் நிற்கும் காரில் ஏற்றாதீர்கள்.

எங்கே வாங்கலாம்? ஆன்லைனா, எஸ்.பி. ரோடா?

எலெக்ட்ரானிக்ஸ் வாங்க சென்னைப் பிள்ளைகளுக்கு ரிச்சி தெரு எப்படியோ, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு அப்படி. டவுன் ஹால் பக்கம். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை காலையில், கூட்டம் சேருவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

கேபிள், மெமரி கார்டு ரீடர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போன்றவற்றுக்கு நான் அங்கேதான் போகிறேன். கையில் எடுத்து வளைத்துப் பார்க்கலாம், போனில் சொருகி எத்தனை வாட் ஏறுகிறது என்று கவுண்டரிலேயே பார்க்கலாம். விரல் அளவு யு.எஸ்.பி. மீட்டர் ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கேபிளுக்கும் போனுக்கும் நடுவில் அதைச் சொருகினால் வோல்ட், ஆம்ப் இரண்டும் சின்னத் திரையில் ஓடும். பார்க்க ஒரே மாதிரி இருந்த மூன்று கேபிள்களை அப்படி ஒருமுறை சோதித்தேன். ஒன்றில் 2.9 ஆம்ப், இன்னொன்றில் 1.4, மூன்றாவது 0.5-லேயே நின்றுவிட்டது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் மூன்றாவதை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வேறு கொடுத்தார்.

பவர் பேங்க், மெமரி கார்டு இரண்டையும் மட்டும் பில்லோடு வாங்குங்கள். பில் இல்லாமல் ஐம்பது ரூபாய் குறைகிறது என்றால் அந்த ஐம்பது ரூபாய் வேண்டாம்.

கேபிள், சார்ஜர் எத்தனை?

சார்ஜரைக் குறைத்து, கேபிளைக் கூட்டுங்கள். மூன்று போர்ட் உள்ள 65 வாட் சார்ஜர் இரண்டு இருந்தால் ஐந்து பேருக்கும் லேப்டாப்புக்கும் சமாளிக்கலாம். ஆனால், சில போன்கள் தங்கள் கம்பெனி சார்ஜரில் மட்டுமே வேகமாக ஏறும். மற்றதில் மெதுவாகத்தான் ஏறும், ராத்திரி முழுவதும் போட்டால் அதுவே போதும். லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகுமா என்பதைக் கிளம்பும் முன் பி.ஜி.யிலேயே சொருகிப் பாருங்கள். டைப்-சி ஓட்டை இருந்தும் அதன் வழியாகச் சார்ஜ் ஏறாத லேப்டாப்புகள் உண்டு.

சாதாரண டைப்-சி கேபிள் 3 ஆம்ப், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் தாங்க 5 ஆம்ப் கேபிள் வேண்டும். அதன் தலைக்குள் ஒரு சின்ன சிப் இருக்கும். லேப்டாப்புக்கு அப்படி ஒன்று, மற்றவை சாதாரணம். மொத்தம் எட்டு கேபிள் எடுங்கள். இரண்டு கெட்டுப்போகும், ஒன்று எங்காவது மறந்துவிடும்.

யாருடையது எது என்ற சண்டை வராமல் இருக்க எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நெயில் பாலிஷ் நிறம். கேபிளின் இரண்டு முனையிலும், சார்ஜரின் முதுகிலும், பேட்டரியிலும் ஒரு பொட்டு. எனக்கு மெரூன். ஐந்து வருடம் ஆகியும் அந்தப் பொட்டு போகவில்லை. கேபிள்களைப் போட்டுவைக்கத் தனிப் பை வாங்க வேண்டாம், மூடி இறுகும் பழைய பிளாஸ்டிக் டிபன் டப்பா போதும். காரில் யார் கால் பட்டாலும் நசுங்காது.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்டிப்பாக வேண்டுமா? பெரிதாக இருக்கிறதே.

கண்டிப்பாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துப்போவேன் என்றால் இதைத்தான் எடுங்கள். நாலு சாக்கெட், தனி சுவிட்ச், இரண்டு மீட்டர் ஒயர். சுவிட்ச் போர்டு உயரத்தில் இருந்தாலும் ஒயர் தரைக்கு வந்துவிடும். அதில் வாட்டர் ஹீட்டர், அயர்ன் பாக்ஸ் இரண்டையும் போடக் கூடாது என்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

காரில் இன்வெர்ட்டர் மாட்டி லேப்டாப் சார்ஜ் பண்ணலாமா?

லேப்டாப் டைப்-சியில் ஏறும் என்றால் தேவையே இல்லை. 65 வாட் கார் சார்ஜர் ஒன்று போதும். இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை 230 ஆக்கும், லேப்டாப் அடாப்டர் அதை மறுபடி 20 ஆக்கும். இரண்டு இடத்திலும் மின்சாரம் சூடாக வீணாகிறது.

பழைய மாடல் லேப்டாப், வேறு வழியில்லை என்றால் 150 வாட்டுக்குள் ஒரு இன்வெர்ட்டர். காரின் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்குப் பின்னால் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்ப் ஃபியூஸ்தான் இருக்கும். 12 வோல்ட்டில் அது 120 முதல் 180 வாட். 300 வாட் இன்வெர்ட்டர் வாங்கி அதில் சொருகினால் ஃபியூஸ் போகும். அப்புறம் அந்த சாக்கெட் பயணம் முழுக்க வேலை செய்யாது. உதிரி ஃபியூஸ் இரண்டு டேஷ்போர்டில் கிடக்கட்டும், விலை மிகக் குறைவு.

இன்ஜின் ஓடாதபோது எதையும் சார்ஜ் போடாதீர்கள். சின்னக் காரின் பேட்டரி 35 ஆம்ப்-மணி அளவில்தான் இருக்கும், அதிலும் பாதி காலியானாலே ஸ்டார்ட் ஆகத் திணறும். ராத்திரி கடற்கரையில் பாட்டு போட்டுவிட்டு விடியற்காலையில் கார் தள்ளியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஜம்பர் கேபிள் ஒன்று டிக்கியில் இருக்கட்டும். டயருக்குக் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரசரும் இதே சாக்கெட்டில்தான் வேலை செய்யும். அதை இன்ஜினை ஓடவிட்டே பயன்படுத்துங்கள்.

லேப்டாப் எடுத்துப்போக வேண்டுமா?

ஐந்து பேருக்கு ஒன்று. புராஜெக்ட் சமர்ப்பிக்க வேண்டியவரோ, படங்களைக் காப்பி செய்யப் போகிறவரோ எடுக்கட்டும்.

போட்டோ, வீடியோவை எப்படிப் பாதுகாப்பது?

இதைப் பொறுமையாகப் படியுங்கள். சார்ஜர் தொலைந்தால் அடுத்த ஊரில் வாங்கலாம். போனே தொலைந்தாலும் வாங்கலாம். படங்களை எந்த ஊரிலும் வாங்க முடியாது.

இரண்டாம் பயணத்தில் நாங்கள் ஒழுங்காகத்தான் செய்தோம், அல்லது அப்படி நினைத்தோம். ஒவ்வொரு ராத்திரியும் கேமராக் கார்டில் இருந்ததை ஹார்டு டிஸ்கில் காப்பி செய்தோம். ஆனால் கேமராவும் ஹார்டு டிஸ்கும் ஒரே பையில் இருந்தன. சிந்துதுர்க் பக்கம் ஒரு டீக்கடை பெஞ்சில் அந்தப் பையை வைத்துவிட்டு அறுபது கிலோமீட்டர் போய்விட்டோம். திரும்பிப் போனபோது பெஞ்ச் இருந்தது, பை இல்லை. கடைக்கார அம்மா எங்களைவிட அதிகமாக வருத்தப்பட்டார். பேருந்துக்காக நின்ற நாலைந்து பேரிடம் மராத்தியில் விசாரித்தும் பார்த்தார். கிடைக்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து நின்று எடுத்த படம் அந்தப் பயணத்திலிருந்து ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அன்றிலிருந்து எங்கள் விதி: இரண்டு பிரதி, இரண்டு பை, இரண்டு ஆள். கார்டு கேமராக்காரரிடம். காப்பி செய்த எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத டிஸ்க்) வேறொருவர் பையில், அந்தப் பை அவர் தோளைவிட்டு இறங்காது. வைஃபை நன்றாக இருக்கும் அறை கிடைத்தால் முக்கியமான ஐம்பது படத்தையாவது ராத்திரி கிளவுடில் (இணையச் சேமிப்பில்) ஏற்றிவிடுங்கள். வீடு திரும்பி எல்லோரும் காப்பி எடுக்கும் வரை எந்தக் கார்டையும் அழிக்கக் கூடாது. அதற்குத் தகுந்தபடி கார்டு எடுத்துப்போக வேண்டும்.

எவ்வளவு? 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட்டில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டு மூன்று மணி நேரம்கூட வராது. ஒரே 512 ஜிபி கார்டைவிட 128 ஜிபி கார்டு நான்கு மேல் என்பது என் கருத்து. ஒன்று கெட்டால் கால்பங்குதான் போகும். வீடியோவுக்கு ‘வி30’ என்று அச்சிட்டதாக வாங்குங்கள், அது வினாடிக்கு 30 மெகாபைட் எழுதும் என்பதற்கான குறி. போலிக் கார்டுகள் சந்தையில் நிறைய உலவுவதால், வாங்கியதும் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள். இதற்கென்றே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டேஷ்கேமுக்கு (சாலையைப் பதிவு செய்ய டேஷ்போர்டில் மாட்டும் கேமரா) மட்டும் ‘ஹை எண்ட்யூரன்ஸ்’ கார்டு, ஏனென்றால் அதில் நாள் முழுக்க அழித்து அழித்து எழுதிக்கொண்டே இருக்கும்.

பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கிறது. அது போதாதா?

அறையில் உட்கார்ந்து காப்பி செய்ய மட்டும் போதும். ஓடும் காரில் அதை இயக்காதீர்கள், குழியில் ஏறி இறங்கும்போது உள்ளே சுழலும் தட்டும் அதைப் படிக்கும் ஊசியும் ஒன்றோடொன்று உரசிவிட வாய்ப்பு உண்டு.

காரைப் பூட்டிவிட்டுக் கோயில் பார்க்கப் போகிறோம். சாமான்களை உள்ளேயே வைக்கலாமா?

ஹம்பி வெயிலில் வேண்டாம். ஏப்ரல், மே மாதத்தில் மூடிய காரின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். லித்தியம் பேட்டரிக்கு அந்தச் சூடு ஆயுளைக் குறைக்கும், ஏற்கெனவே பழுதானது என்றால் ஆபத்து. பவர் பேங்க், லேப்டாப், கேமரா பேட்டரி மூன்றையும் கையோடு எடுத்துப்போங்கள். வேறு வழியே இல்லை என்றால் நிழலில் நிறுத்தி, டிக்கியின் அடியில், துணிகளுக்கு நடுவில். வெளியே தெரியும்படி சீட்டில் எதுவும் இருக்கக் கூடாது, வெறும் சார்ஜர் ஒயர்கூட. கண்ணாடியை உடைக்க அது போதும்.

டிரோன் எடுத்துட்டு வரட்டுமான்னு ஒரு பையன் கேட்கிறான் அக்கா. என்ன சொல்ல?

இந்த வழிக்கு வேண்டாம் என்று சொல். 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரையிலான நானோ டிரோனுக்கு ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மைதான். ஆனால் எங்கே பறக்கலாம் என்பது வேறு விஷயம். ஹம்பி போன்ற தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் அனுமதி இல்லாமல் பறக்க முடியாது. ட்ரைபாடுக்குக்கூட அங்கே அனுமதி கேட்பார்கள். கோகர்ணாவைத் தாண்டினால் கார்வாரில் கடற்படைத் தளம், பக்கத்திலேயே கைகா அணுமின் நிலையம். கோவாவின் டாபோலிம் விமான நிலையம் கடற்படைத் தளத்துக்குள் இருக்கிறது. அரசின் டிரோன் தளமான டிஜிட்டல் ஸ்கையில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடம் இருக்கிறது, அவனையே பார்க்கச் சொல். பார்த்த பிறகு அவனே வீட்டில் வைத்துவிடுவான்.

சிக்னல் இல்லாத இடத்தில் மேப் எப்படி?

கிளம்பும் முன் முழு வழியையும் கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கிவிடுங்கள், ஒருவர் போனில் மட்டும் வைக்காமல் குறைந்தது இரண்டு போனில். யெல்லாப்பூரிலிருந்து அங்கோலா இறங்கும் மலைப்பாதையில் சிக்னல் வரும், போகும். ஐந்து பேரும் ஒரே கம்பெனி சிம் வைத்திருக்காமல் ஜியோ, ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் என்று கலந்து இருந்தால் யாராவது ஒருவருக்குக் கிடைக்கும். கன்னடம், மராத்தி மொழிபெயர்ப்புப் பொதிகளையும் ஆஃப்லைனாக இறக்கலாம்.

வீட்டுக்குத் தெரிவிக்க வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் ஓடும், பேட்டரியையும் தின்னும். அம்மா அப்பாவுக்கு அது நின்றுபோனால் அதுவே பெரிய பயமாகிவிடுகிறது. காலை கிளம்பும்போது ஒரு மெசேஜ், ராத்திரி அறைக்குள் நுழைந்ததும் ஒரு போன், நடுவில் சிக்னல் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. என் அம்மாவுக்கு இதுதான் நிம்மதியாக இருந்தது.

அவசரத்துக்கு 112, தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033. இந்த இரண்டையும் வீட்டு எண்களோடு சேர்த்து ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள். போன் செத்துப்போனால் நம்மில் யாருக்கு எத்தனை எண் மனப்பாடமாகத் தெரியும்?

லைசென்ஸ், ஆர்.சி. எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கிறதே?

செல்லும். ஆனாலும் ஓட்டுகிறவர்கள் அசல் லைசென்ஸைக் கையில் வையுங்கள், சிக்னல் இல்லாத இடத்தில் செயலி திறக்காது. ஃபாஸ்டேகில் பணம் இருக்கிறதா என்று முந்தின நாள் பாருங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் சொந்தப் பயன்பாட்டு வண்டிகளுக்குத்தான், அதுவும் தேசிய நெடுஞ்சாலைகள், தேசிய விரைவுச் சாலைகளில் மட்டும். மும்பை–புனே விரைவுச் சாலை மாநிலத்துடையது, அங்கே தனியாகக் கழியும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து போட்ட வாடகைக் கார் என்றால் அந்த பாஸே கிடையாது.

வாடகைக் கார் எடுக்கும்போது வண்டியைச் சுற்றி, கூரை, சக்கரம், உள்சீட் உட்பட ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். கொடுக்கிறவர் முன்னாலேயே எடுங்கள். ஒருமுறை ஏற்கெனவே இருந்த கீறலுக்கு எங்களிடம் பணம் பிடித்துக்கொண்டார்கள், காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

நாங்கள் பைக்கில் போகிறோம். என்ன மாறும்?

நிறைய மாறும். பைக்கின் எதிரி அதிர்வு. அதிக சக்தியுள்ள மோட்டார்சைக்கிள் இன்ஜினின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. மற்ற போன்களிலும் அதே மாதிரி அமைப்பு இருக்கிறது. ஹேண்டில்பாரில் போனை மாட்டுவதானால் அதிர்வு தாங்கும் ரப்பர் டேம்பர் உள்ள மவுன்ட் வாங்குங்கள். அதைவிட நல்லது, போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு ஹெல்மெட் புளூடூத்தில் வழி கேட்பது. சத்தத்தை மட்டும் குறைவாக வையுங்கள், பின்னால் வரும் லாரி ஹாரன் கேட்க வேண்டும்.

லேப்டாப்பைப் பக்கவாட்டு சேடில் பேக்கில் வைக்காதீர்கள். முதுகுப் பையில், முதுகை ஒட்டி, டவலில் சுற்றி. ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கட்டும். மைசூரு பக்கம் போகிறவர்கள் கவனிக்க: பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையின் முக்கியப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் பைக்குக்கு அனுமதி இல்லை, சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். அங்கிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டியோ வயநாடோ போவதென்றால் ராத்திரி 9 முதல் காலை 6 வரை காட்டுப்பாதை மூடியிருக்கும், ஊட்டிக்கு இ-பாஸும் எடுக்க வேண்டும்.

மழைக்காலத்தில்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குப் பக்கம் முழுக்கக் கொட்டும். பையின் ரெயின் கவரை மட்டும் நம்பாதீர்கள், ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனி ஜிப் கவரில் போட்டு, அதைப் பைக்குள் வையுங்கள். ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் பயன்படுத்துங்கள். போன் நனைந்தால் அரிசியில் புதைப்பதால் பிரயோஜனம் இல்லை, அரிசித் தூசிதான் உள்ளே போகும். உடனே அணைத்து, சிம் டிரேயை வெளியே எடுத்து, சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கும்படி ஃபேன் காற்றில் வையுங்கள். காயும் வரை சார்ஜ் போடவே கூடாது. கடல் தண்ணீர் பட்டிருந்தால் காத்திருக்காமல் சர்வீஸ் கடைக்குப் போங்கள், உப்பு உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

கோகர்ணா மணல் டைப்-சி ஓட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். ஊக்கு, சேஃப்டி பின் வேண்டாம், மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள்.

லடாக் போகிறவர்களுக்கு?

மூன்று விஷயம் மறக்க வேண்டாம். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். குழுவில் இரண்டு பேராவது கிளம்பும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்குகள் பெரும்பாலும் 3,000 மீட்டர் உயரம் வரைதான் இயங்கும் என்று குறித்திருப்பார்கள், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஊசி காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. லே நகரமே 3,500 மீட்டர். எஸ்எஸ்டி எடுத்துப்போங்கள். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல் நிரந்தரமாகக் கெடும். ராத்திரி போனையும் பேட்டரிகளையும் போர்வைக்குள் வைத்துத் தூங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து யாராவது சாட்டிலைட் போன் கொடுத்தால் வாங்காதீர்கள். அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம்.

போன் திருட்டுப் போனால்?

கிளம்பும் முன் ஐந்து பேரும் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை (போனின் தனி அடையாள எண்) எழுதிவையுங்கள். தொலைந்தால் போலீஸில் புகார் கொடுத்து, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணை முடக்கலாம். அந்தத் தளத்தில் ஓ.டி.பி. வர அதே எண்ணில் மாற்று சிம் வாங்க வேண்டியிருக்கும், ஆதாரைக் கையில் வைத்திருங்கள். யுபிஐ மட்டும் நம்பிப் போகாமல் இரண்டு பேரிடம் பிரித்துக் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள்.

கடைசி நாள் சரிபார்க்க ஏதாவது வழி இருக்கிறதா?

அல்சூர் ஏரிக்கரை திருவள்ளுவர் சிலைக்குப் பக்கத்தில் விடியற்காலை நாலரைக்குக் கூடிக் கிளம்புவது எங்கள் வழக்கம். அந்த நேரத்தில் சரிபார்க்க யாருக்கும் தெம்பு இருக்காது. அதனால் முந்தின ராத்திரி யாராவது ஒருவர் அறையில் எல்லாப் பொருளையும் தரையில் பரப்பி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். எந்தக் கேபிள் குறைகிறது, யார் சார்ஜர் பொருந்தவில்லை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்த ராத்திரி பக்கத்துக் கடையாவது திறந்திருக்கும். தரையில் பரப்பியதை ஒரு போட்டோ எடுங்கள். ஒவ்வொரு லாட்ஜையும் காலி செய்யும்போது அந்தப் படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம்.

திரும்பி வந்ததும்?

முதலில் படங்கள். ஐந்து பேரும் ஒருநாள் கூடி, எஸ்எஸ்டியிலிருந்து ஆளுக்கு ஒரு காப்பி. அதன் பிறகுதான் கார்டுகளை அழிக்கலாம். பவர் பேங்கை முழுக்கவும் ஏற்றாமல் முழுக்கவும் காலியாக்காமல் பாதி சார்ஜில் அலமாரியில் வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கடன் வாங்கிய கேபிளை நெயில் பாலிஷ் நிறம் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். டிபன் டப்பாவைக் கழுவிக் காயவைத்துவிடுங்கள், மணல் இருக்கும்.